தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும்

பிப்ரவரி 11, செவ்வாய்

டெல்லியிலிருந்து ஒப்பந்தம் வந்துவிட்டது. கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் மின்னஞ்சலைத் திறந்தேன். இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கூச்சல் போட்டதில் ஆல்வின் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார்.

பெரிய கல்விப் பதிப்பகம். சின்ன ஊர்க் கல்லூரிகளில் வரலாறு, இலக்கியம் என்று தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஆட்களைத் தேடிப் பிடித்து ஒரு புத்தக வரிசை கொண்டுவருகிறார்கள். ஆய்வாளரும் பதிப்பகமும் சரிபாதிக் கூட்டாளிகள் என்று அவர்களுடைய அறிவிப்பில் இருக்கிறது. மதுரையிலிருந்து என்னுடையது மட்டும்தான். கௌரவ விரிவுரையாளர் ஹெப்சிபாவின் புத்தகம். அந்தக் கௌரவத்தை ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப்பித்துக் கொடுங்கள் என்று வாசலில் நிற்கிறவளின் புத்தகம்.

ஸ்பெஷல் நாடக மேடைகளில் பாடிய பெண்களிடம் இசைத்தட்டுக் கம்பெனிகள் எழுதி வாங்கிய ஒப்பந்தங்களைப் பற்றியது. ஆறு வருட உழைப்பு. மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு 'படிக்காமல் போட்ட கையெழுத்து'. பதிப்பாசிரியர் வைதேகிக்கு அதுதான் ரொம்பப் பிடித்ததாம்.

மதியம் கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். தேர்வு விண்ணப்ப நேரம், கடையில் நிற்க இடமில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பம், கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்து. அங்கேயே ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டு மூன்று மணி வகுப்புக்குப் போய்விட்டேன்.

இரவு சாப்பிடும்போது ஆல்வின் கேட்டார்: "நல்லா படிச்சுப் பாத்துப் போட்டியா ஹெப்சி?"

"படிச்சேங்க."

மிக்ஸி வாங்கினால் உத்தரவாத அட்டையைக் கடைசி வரி வரை வாசிக்கிற மனிதர். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். அவரிடம் வேறு என்ன சொல்வது?

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நேராகச் செல்லூருக்குப் போனேன், ஜிகர்தண்டா வேண்டாம் என்பார் என்று தெரிந்து அரைக் கிலோ அல்வாவோடு. கமலவேணி அம்மாளுக்கு எண்பத்தாறு வயது. சர்க்கரை கிடையாது. அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அவர்தான். 1961இல் மெட்ராஸ் கம்பெனி ஒன்று அவரைக் கூட்டிப்போய் ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தது. மெட்டெல்லாம் அவரே கட்டியது. இங்கிலீஷில் ஒரு தாளை நீட்டினார்கள், போட்டுக் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார். கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டுகள் ஒலிக்க ஆரம்பித்த பிறகு, அவற்றை அவர் இனி மேடையில் பாடக் கூடாது என்று நாடக நடிகர் சங்கத்துக்குக் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. அப்புறம் வேறொரு பெண்ணை வைத்து அதே பாட்டுகளை மறுபடி பதிவு செய்தார்கள். மானாமதுரையில் நாடகம் முடிந்து இறங்கும்போது ஒருவர், "அந்தம்மா பாடுன பாட்டை நீங்களும் நல்லா பாடுவீகளாமே" என்று கேட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இன்றைக்கும் மாறும்.

அல்வாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்: "புஸ்தகம் தமிழ்லதானே?"

"முதல்ல இங்கிலீஷ்மா. அப்புறம் தமிழ்ல."

"அப்புறம்னா?"

"கொஞ்ச நாள்ல."

"ஏத்தா, மொத நாளே என்ன சொன்னேன்? நான் சொல்றது அம்புட்டும் நானே வாசிக்கிற மாதிரி வரணும், இல்லாட்டி அந்த மிசினை அமத்துன்னேனா இல்லையா?"

சொன்னார். நானும் சரிங்கம்மா என்றேன். பதிவிலேயே இருக்கிறது.

"கண்டிப்பா வரும்மா" என்றேன். நான் எழுதியதை நான் தமிழில் எழுத யாரைக் கேட்க வேண்டும்?

மார்ச் 4, செவ்வாய்

பிரதி திருத்துபவரிடமிருந்து கோப்பு வந்தது. இங்கிலீஷ் முறைப்படி குடும்பப் பெயரை முன்னால் கொண்டுவர வேண்டுமாம். அதனால் துணைநூல் பட்டியலில் என் பெண்கள் எல்லோரும் அ வரிசைக்குக் குடிபோய்விட்டார்கள். அம்மாள், கமலவேணி. அம்மாள், ரத்தினபாய். அம்மாள், சுந்தரகாந்தி. ஜென்மத்தில் ஒருவரையொருவர் பிடிக்காத பெண்கள்; இப்போது ஒரே குடும்பம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வைதேகிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவரும் சிரித்தார். "ஐயோ, சாரி ஹெப்சிபா, நானே உக்காந்து மாத்தறேன்." மாற்றியும் விட்டார். மன்னார்குடிப் பக்கத்துப் பெண், டெல்லியில் வளர்ந்தவர். என் அத்தியாயங்களை என்னைவிடக் கவனமாகப் படித்தவர். இதை இங்கே எழுதிவைக்கிறேன், பின்னால் நானே மறந்துவிடக் கூடாது.

மார்ச் 12, புதன்

உள்மதிப்பீட்டுத் தாள்கள். இரண்டாம் ஆண்டில் பாதிப் பேர் சிப்பாய்க் கலகத்தையும் வேலூரையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்கள். தலைவலி.

மார்ச் 18, செவ்வாய்

நான் பேட்டி கண்டவர்களிடம் ஒப்புதல் படிவம் வாங்கி அனுப்ப வேண்டும் என்று டெல்லியிலிருந்து கேட்டிருந்தார்கள். கமலவேணி அம்மாள் தவிர மற்றவர்களிடம் வாங்கிவிட்டேன். பலர் இறந்துபோய்விட்டதால் பிள்ளைகளும் பேரன்களும் போட்டார்கள். பாதிப் பேர் வாசலில் நின்றபடி, ஒருவர் பைக்கிலிருந்து இறங்காமலே. ஒருவரும் படிக்கவில்லை. வேலை மளமளவென்று முடிந்தது.

மார்ச் 23, ஞாயிறு

மளமளவென்று முடிந்த வேலை செல்லூரில் வந்து நின்றது.

படிவத்தை நீட்டினேன். கமலவேணி அம்மாள் கையில் வாங்கவில்லை.

"வாசி" என்றார்.

"சும்மா ஒரு சம்பிரதாயம்தாம்மா."

"அந்தச் சம்பிரதாயத்தைத்தான் வாசிங்கிறேன்."

"இங்கிலீஷ்ல இருக்கும்மா."

"நீ டாக்டரு பட்டம் வாங்குனவதானே? தமிழ்ல சொல்லு. ஒரு வரி விடக் கூடாது."

இங்கிலீஷில் சட்டென்று ஓடிவிடுகிற வாக்கியங்கள். தமிழில் வாய்விட்டுச் சொல்லும்போதுதான் ஒவ்வொரு சொல்லும் கனத்தது. முதல் பத்தி தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவது: "மேற்படி உரையாடலை, இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட, இனிமேல் கண்டுபிடிக்கப்படக்கூடிய எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும் வெளியிடும் முழு உரிமையை..."

"நிறுத்து." கையை உயர்த்தினார். "இனிமே கண்டுபிடிக்கப் போறதையுமா?"

"ஆமாம்மா."

"பொறக்காத பிள்ளையை இப்பவே எழுதி வாங்குறாக. சரி. எல்லா மொழின்னா தமிழும் அதுல சேத்தியா?"

"சேத்திதாம்மா."

"அப்ப நீ தமிழ்ல போடணும்னா அவுகளைக் கேக்கணும்."

"கேட்டா..."

"மாட்டேன்னா?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உன்கிட்ட எழுதி வாங்குனாகளே, அதுலயும் இப்படித்தான் இருக்கா?"

"பாக்கணும்மா."

"பாக்கணுமா? படிச்சுட்டுத்தானே போட்ட?"

"படிச்சேன்."

அறுபது வருஷம் மேடையில் நின்று எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்தவர். என் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "காப்பி ஆறுது, குடி" என்றார். கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 24, திங்கள்

பதினோராம் பிரிவு. இந்நூலை, இதன் தழுவல்களை, மொழிபெயர்ப்புகளை, ஆசிரியரே வேறு மொழியில் எழுதும் வடிவங்களை உள்ளிட்ட அனைத்தையும், தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் வெளியிடும் தனியுரிமை பதிப்பகத்துக்கே.

'தமிழ் உட்பட' என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தின் அடியில் என் சுருக்கொப்பம், அழகாக, வளைத்து வளைத்து.

அன்றைக்குப் படித்தபோது இது கண்ணில் படவில்லை.

படிக்கவில்லை. ஒரு வரிகூடப் படிக்கவில்லை. செத்துப்போன பெண்களின் ஒப்பந்தங்களை ஆவணக் காப்பகத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஆறு வருடம் படித்தவள், என்னுடையதை ஜெராக்ஸ் கடைக் கண்ணாடி மேடையில் வைத்துக் கடகடவென்று போட்டேன். என் புத்தகத்தையும் ஒருவர் கேட்டாரே என்ற சந்தோஷத்தில் போட்டேன். அந்தப் பெண்கள் ஏன் அப்படிப் போட்டார்கள் என்பதற்கு மூன்றாம் அத்தியாயத்தில் நாற்பது பக்கம் காரணம் எழுதியிருக்கிறேன். இந்தக் காரணம் அதில் இல்லை.

அச்செடுத்து மேசை மேல் வைத்தேன். ஆல்வின் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து முழுவதையும் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பதினோராம் பிரிவின் கீழே ஒரு கோடு போட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 27, வியாழன்

வைதேகியிடம் பேசினேன். தமிழ் உரிமையை மட்டும் எனக்கு விட்டுக்கொடுங்கள் என்றேன்.

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "இதை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல ஹெப்சிபா."

"நீங்க தமிழ்ல கொண்டுவரப் போறீங்களா?"

"அப்படி ஒரு பிளான் இல்ல. நாங்க தமிழ்ல புத்தகமே போடறதில்ல."

"அப்ப வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"உண்மையைச் சொல்லணும்னா, ஒண்ணும் பண்ண மாட்டோம். சும்மா இருக்கும்." அவருக்கே அது கேட்க நன்றாக இல்லை போலிருக்கிறது. "லீகல்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

ஏப்ரல் 10, வியாழன்

லீகல், அதாவது அவர்கள் சட்டப் பிரிவு, மாட்டேன் என்றுவிட்டது. வரிசை முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம், ஒருவருக்காக மாற்ற முடியாது.

கமலவேணி அம்மாள் படிவத்தில் கையெழுத்துப் போடாதது அவர்களுக்கும் தலைவலிதான். ஒப்புதல் இல்லாமல் அவர் பேச்சை அச்சிட முடியாது. அவர் பேச்சு இல்லாமல் மூன்றாம் அத்தியாயம் இல்லை. வைதேகி ஒரு வழி சொன்னார்.

"அவங்க பேரை எடுத்துடுங்க. 'பாடகி க.'ன்னு போட்டு, அவங்க சொன்னதை உங்க வார்த்தைல சுருக்கி எழுதிடுங்க. அப்ப பெர்மிஷனே வேண்டாம். மே கடைசிக்குள்ள ஃபைல் வந்துட்டா, ஜூன் இன்டர்வியூக்கு அச்சுல இருக்குன்னு லெட்டர் நான் தரேன்."

ஜூன் ஆறாம் தேதி எங்கள் கல்லூரியிலேயே நிரந்தர உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணல். ஒரே ஓர் இடம். பெரிய பதிப்பகத்தின் புத்தகம் இருந்தால் அந்த இடம் எனக்குத்தான் என்று துறைத்தலைவரே சொன்னார். வைதேகிக்கும் அது தெரியும். எனக்கு நல்லது செய்யத்தான் பார்க்கிறார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. ஓலையில் சிலுவை பின்னினேன். பின்னல் பிரிந்துபோயிற்று.

மதியம் கணினியில் உட்கார்ந்து கமலவேணி அம்மாளின் பெயர் வருகிற இடமெல்லாம் 'பாடகி க.' என்று மாற்றச் சொன்னேன். கண்மூடித் திறப்பதற்குள் மாற்றிவிட்டது. பிறகு படித்தேன். "பாடகி க. தன் பாடல்களுக்குத் தானே மெட்டமைத்ததாகக் கூறுகிறார்." கூறுகிறாராம்! ஒரு கம்பெனி அவர் குரலை எடுத்துக்கொண்டு பெயரையாவது லேபிளில் அச்சடித்தது. நான் அதையும் எடுத்துவிட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. அழித்துப் பழையபடி ஆக்கினேன்.

ஆல்வின் மெதுவாகத்தான் சொன்னார்: "மொதல்ல வேலையை வாங்கிக்க ஹெப்சி. தமிழ்ல வேற புத்தகமா எழுதிக்கலாம்."

"எதை வச்சு எழுதுவேன்? நானே வேற மொழியில எழுதுறதும் அவங்களுக்குத்தான்னு போட்டிருக்கே. நீங்கதான் பென்சில்ல கோடு போட்டீங்க."

"யாரு வந்து கேக்கப் போறா?"

"மானாமதுரையில கமலவேணி அம்மாகிட்ட கேட்டாங்கல்ல?"

அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்து எழுந்து போனேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். ஆயரின் பிரசங்கம் ரொம்ப நீளம். அதற்குள் நான் முடிவு எடுத்துவிட்டேன். ஆண்டவர் மன்னிப்பாராக, கடைசிப் பாதி காதில் விழவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

வைதேகிக்கு எழுதினேன். முதல் வரைவில் மன்னிக்கவும் என்று ஆறு இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்:

"கமலவேணி அம்மாளின் பெயரை நீக்க முடியாது. தமிழில் வரும் என்ற நிபந்தனையில்தான் அவர் பேசினார், நானும் ஒப்புக்கொண்டுதான் பதிவு செய்தேன். ஆகவே அவர் பேச்சைத் தமிழ் உரிமையோடு சேர்த்து உங்களுக்குத் தர எனக்கு உரிமை இருக்கவில்லை. இல்லாததை எழுதிக் கொடுத்தது என் தவறு. தமிழ் உரிமையை எனக்குத் திருப்பிக் கொடுத்தால் புத்தகம் உங்களுடையது. முடியாதென்றால் பிரதியைத் திரும்பப் பெறுகிறேன். கூட்டாளிகள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தச் சொல்லை நம்பிக் கேட்கிறேன்."

அனுப்பிவிட்டுத் துணி துவைத்தேன். துவைக்க வேண்டியதில்லாத திரைச்சீலைகளையும் துவைத்தேன்.

ஏப்ரல் 30, புதன்

பதில் இல்லை.

மே 8, வியாழன்

பதில் இல்லை. விடைத்தாள் திருத்தும் முகாம். மின்விசிறி இல்லாத மூலையில்தான் எனக்கு இடம். கௌரவம்.

மே 18, ஞாயிறு

இரண்டு மாதமாகச் செல்லூர்ப் பக்கம் போகவில்லை. வெயில், முகாம், கால்வலி என்று இங்கே எழுதிவைக்கலாம். போக முகம் இல்லை என்பதுதான் விஷயம். இன்றைக்குப் போனேன்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "அம்மா, நான் படிக்காமத்தான் போட்டேன்."

கமலவேணி அம்மாள் ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்து இருமி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார். "அந்த மூணாம் பாடத்துக்கு என்னமோ பேரு வச்சிருக்கேன்னியே, என்ன பேரு?"

"படிக்காமல் போட்ட கையெழுத்து."

"நல்ல பேரு வச்ச, ஆத்தா."

பதிப்பகத்துக்கு எழுதியதையும் நேர்காணலையும் சொன்னேன். பெயரை எடுத்துவிடச் சொன்னதையும் மறைக்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

"அன்னிக்கு நீட்டுன கடுதாசியைக் கொண்டா" என்றார். "போட்டுக் குடுக்கிறேன். இங்கிலீஷ்லயே வரட்டும். எனக்கு எண்பத்தாறு ஆச்சு. தமிழ்ல வந்து, நான் வாசிச்சு, என்னத்தைக் காணப் போறேன்? உனக்கு இன்னும் வயசு கெடக்கு. பிழைப்பைக் கெடுத்துக்காத. பேனாவைக் குடு."

ஆறு வருடமாக அந்த அம்மாளைத் தெரியும். யாருக்காகவும் தன் பேச்சை மாற்றிக்கொண்டதில்லை. எனக்காக மாற்றிக்கொண்டார்.

"பேனா கொண்டு வரலம்மா" என்றேன்.

பையில் இரண்டு பேனா இருந்தன.

ஜூன் 6, வெள்ளி

நேர்காணல். வெளியூர் நிபுணர் கேட்டார்: "புக் எதுவும் வந்திருக்கா?"

"ஒரு பதிப்பகம் ஏத்துக்கிட்டிருக்கு சார். ஒரு பிரிவு பத்திப் பேசிட்டிருக்கோம்."

"லெட்டர் இருக்கா?"

"இல்ல சார்."

துறைத்தலைவர் குனிந்து தன் விரல் நகத்தைப் பார்த்தார். தேங்க் யூ என்றார்கள். வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். என் பெயர் இல்லை. திருச்சியிலிருந்து யாரோ ஒருவர்.

வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். ஆல்வின் உளுந்து கழுவிக் கொடுத்தார். கிரைண்டர் சத்தத்தில் அழுதால் கேட்காது என்று நினைத்தேன். அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். "நீ செஞ்சது சரிதான் ஹெப்சி. எனக்குத்தான் அன்னிக்குப் புரியல" என்றார். அப்புறம் நன்றாகவே அழுதேன்.

கௌரவ விரிவுரையாளர் புதுப்பித்தல் விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

மூன்றாம் அத்தியாயத்தைத் தமிழில் எழுத ஆரம்பித்துவிட்டேன். உரிமை யாரிடம் இருந்தாலும் சரி, எழுதுவதை யாரும் தடுக்க முடியாது. அச்சிடுவதைத்தானே தடுக்க முடியும்? இங்கிலீஷில் ஒரே பத்தியில் அடக்கிய இடம் தமிழில் நாலு பக்கம் கேட்கிறது. கமலவேணி அம்மாள் பேசியதை அவர் பேசியபடியே எழுதலாம். இவ்வளவு நாள் அவரை மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எவ்வளவு சிந்திவிட்டேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜூலை 3, வியாழன்

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது வைதேகி அழைத்தார்.

"ஹெப்சிபா, நீங்க இன்னும் கோவத்துல இருக்கீங்களா?"

"கோவத்துலதான் இருக்கேன். சொல்லுங்க."

"உங்க கடிதத்தை நான் அப்படியே டைரக்டர் கிட்ட எடுத்துண்டு போனேன். மீட்டிங்ல கேட்டேன், இந்தப் பதினோராம் பிரிவை யார் எழுதினது, எதுக்கு எழுதினதுன்னு. யாருக்குமே தெரியல. ரொம்பப் பழைய அக்ரிமென்ட் ஒண்ணுல இருந்து அப்படியே காப்பியாகி வந்துண்டு இருக்கு. யாரும் கேக்கல, அதனால யாரும் எடுக்கல."

"அப்புறம்?"

"அதோட விடலை. வரிசைல இருக்கற மத்த ஆத்தர்ஸுக்கும் நானே எழுதிக் கேட்டேன், உங்க மொழி உரிமை உங்களுக்கு வேணுமான்னு. தார்வாட்லேர்ந்து ஒருத்தர், கோட்டயத்துலேர்ந்து ஒருத்தர், எல்லாருக்கும் வேணுமாம். அவங்களும் படிக்கலையாம்." சிரித்தார். "இன்னிக்குத் திருத்தம் பாஸாயிடுத்து. அவங்கவங்க மொழி அவங்கவங்களுக்கு. ஒரு பக்கம்தான். உங்களுக்கு அனுப்பியாச்சு."

படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாணவிகள் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

"ஜூன்லயே முடிச்சிருக்கணும். என்னால முடியல. இன்டர்வியூ என்னாச்சு?" என்று தயங்கிக் கேட்டார்.

"அது போயிடுச்சு வைதேகி."

கடைசியில், "இந்தத் தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றார். "நான் அனுப்பினதுதான், ஆனாலும் படிங்க."

படித்தேன். ஆல்வினும் படித்தார். இரண்டாம் வரியில் ஒரு சொல் எங்கள் இருவருக்கும் இடித்தது. மாற்றக் கேட்டோம். இரவுக்குள்ளேயே மாற்றி அனுப்பினார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

செல்லூர். திருத்தத்தையும், திருத்திய ஒப்புதல் படிவத்தையும் கமலவேணி அம்மாளிடம் ஒரு வரி விடாமல் தமிழில் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"அப்ப தமிழ்ல நீயே போட்டுக்கலாம்?"

"யாரையும் கேக்க வேண்டாம்மா. எழுதவும் ஆரம்பிச்சுட்டேன்."

"எப்படிக் குடுத்தாக? கோர்ட்டுக்குப் போனியா?"

"இல்லம்மா. கேட்டேன். மொதல்ல மாட்டேன்னாங்க. மறுபடியும் கேட்டேன். குடுத்துட்டாங்க."

"கேட்டா குடுத்துருவாகளா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். நானும் சந்தோஷத்தில், "ஆமாம்மா, கேட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்கு யாரும் சொல்லலையேத்தா" என்றார். "கேக்கலாம்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலையே."

அழுதார். பேட்டியில் மானாமதுரையைச் சொல்லும்போதுகூட அழாதவர். இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி கம்பெனிக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவன் மாட்டேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது தெரியும். ஆனால் கேட்டிருக்கலாமே. நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அந்தக் கம்பெனி இப்ப யாருகிட்ட இருக்கு?"

"கைமாறிக் கைமாறிப் பம்பாய்ல ஒருத்தர்கிட்ட இருக்கும்மா. விலாசம் இருக்கு."

"எழுது."

"என்னன்னு எழுதட்டும்?"

"ஆறு பாட்டையும் நான் பாடலாமான்னு கேளு."

"அதுக்கு எதுக்கும்மா அவங்களைக் கேக்கணும்? இந்த வீட்டுக்குள்ள உங்களை யாரு தடுக்கப் போறாங்க? இப்பவே பாடுங்க, நான் கேக்குறேன்."

"அதெல்லாம் முடியாது. திருட்டுத்தனமா எதுக்குப் பாடணும்? அவுக எழுதிக் குடுக்கட்டும். நீ வந்து வாசிச்சுக் காட்டு. அப்பறம் மைக் வச்சுப் பாடுறேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இங்கிலீஷில் எழுதி, தமிழில் வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பேனாவை வாங்கி, முதலில் படிவத்திலும் பிறகு கடிதத்திலும், நிதானமாக, தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.